வில்வண்டியில நெல் மூட்டை ஏத்துவாங்களா?

வத்திராயிருப்பு பக்கம் மகாராஜபுரத்தில், தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு வீட்டு வாசலில் மூன்று மாதமாக ஓர் இரும்புச் சட்டம் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. பத்தடி நீளம், ஐந்தடி அகலம். சக்கரம் கிடையாது. தாணிப்பாறைக்குப் போகிற சதுரகிரி பக்தர்கள்கூட அந்த வழியே போகும்போது, "இது என்னங்க, டிராக்டர் டிப்பரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

டிப்பர் இல்லை. பொலிரோவுக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போக ஒரு சின்ன அறை. வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் 35 வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அறை அவருடைய அம்மாவுக்காக. அம்மாவுக்கு 84 வயது. இரண்டு வருடத்துக்கு முன் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் முடிந்து, ஊன்றுகோல் பிடித்து நடக்கிறார். ஆனால், அதன் பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகவில்லை.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "சீசனுக்கு ஒரு தடவ குத்தாலம் போவணும்ப்பா. அருவியில குளிக்க வேண்டாம். சாரல் மேல பட்டாப் போதும்."

மகாராஜபுரத்திலிருந்து குற்றாலம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். தூரம் பிரச்னை இல்லை. தங்குவதுதான் பிரச்னை. லாட்ஜில் மாடிப்படி, உயரமான கட்டில், வழுக்கும் பாத்ரூம். ஒருமுறை விழுந்தவருக்கு அத்தனையும் பயம். அப்போதுதான் மகனுக்கு அந்த யோசனை வந்தது. தாழ்வான கட்டில், பக்கத்திலேயே கைப்பிடி, உட்கார்ந்து போக நாற்காலிக் கழிவறை, கஞ்சி வைக்க அடுப்பு. எல்லாவற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விட்டால்?

முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத்தான் போய் விசாரித்தார். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், இன்ஜினே இல்லாத டிரெய்லரையும் மோட்டார் வாகனமாகவே கணக்கில் எடுக்கிறது. பதிவு இல்லாமல் ரோட்டில் இறக்க முடியாது. அதற்கு என்னென்ன வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்து, அதன் பிறகே இரும்பு வாங்கினார். சட்டம் பற்றவைப்பது, பலகை அடிப்பது, லைட் மாட்டுவது எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. பட்டையில் வந்துதான் நின்றுவிட்டார்.

பட்டை என்றால் லாரி, வேன்களில் சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்து, அடுக்கடுக்காக இருக்குமே, அந்த லீஃப் ஸ்பிரிங். ஒர்க் ஷாப்பில் 'பட்டை' என்றால்தான் தெரியும்.

ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெரும்பாலும் எல்லாம் ஒரே யோசனைதான். "பழைய லாரிப் பட்டை வாங்கிப் போடுங்க. ஆயுசுக்கும் உடையாது." பழைய இரும்புக் கடையில் எடைக்கே கிடைக்கிறது. பார்த்தால் யானைக்கால் மாதிரி இருக்கிறது. அம்மா சம்பந்தப்பட்ட விஷயம். எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லதுதானே?

அம்மா திண்ணையில் உட்கார்ந்து இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏப்பா, வில்வண்டியில நெல் மூட்டை ஏத்துவாங்களா?"

"ஏத்த மாட்டாங்க."

"கட்டை வண்டியில புள்ளத்தாச்சிய ஏத்துவாங்களா?"

"ஏத்த மாட்டாங்கம்மா."

"அப்ப எதுக்கு எதுன்னு இருக்குல்ல?"

சின்ன வயதில் அம்மா வீட்டில் இரண்டு வண்டியும் இருந்தன. கட்டை வண்டிக்கு வில் கிடையாது. அச்சு மேலேயே நேராக வண்டி உட்கார்ந்திருக்கும். களத்திலிருந்து மூட்டை ஏற்ற அதுதான். வில்வண்டியில் அச்சுக்கும் வண்டிக்கும் நடுவே இரண்டு பக்கமும் பட்டை. மேலே கூண்டு, உள்ளே வைக்கோல் பரப்பி அதன் மேல் ஜமுக்காளம். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அதில் போவார்கள். வில்வண்டியில் மூட்டை ஏற்றினால் பட்டை படிந்து நேராகிவிடும். பிறகு அதுவும் கட்டை வண்டிதான். அதேபோல, பத்து மூட்டை தாங்கும் அளவுக்குத் தடித்த பட்டையைப் போட்டு அதில் நாலு பேர் உட்கார்ந்தால், வில் அசையவே அசையாது. அப்போதும் அது கட்டை வண்டிதான்.

அடுத்த நாள் மகன் ராஜபாளையத்தில் பட்டை வேலை செய்யும் கடைக்குப் போனார். கடைக்காரர் முதலில் கேட்டது, "எவ்வளவு தடிமன் வேணும்?" என்றல்ல.

"அண்ணாச்சி, வண்டி எடை என்ன?"

அது தெரியாமல் பட்டை பேசவே முடியாது என்றார். இருவரும் ஒரு நோட்டில் எழுதினார்கள். சட்டம், பலகை, கூரை 330 கிலோ. கட்டில், மெத்தை, அலமாரி, நாற்காலி 120. தண்ணீர் 60 லிட்டர் என்றால் 60 கிலோ. அடுப்பு, சிலிண்டர், பாத்திரம், துணி 60. ஆக்ஸில், சக்கரம், பட்டை 80. மொத்தம் 650 கிலோ.

இதில் ஆக்ஸிலும் சக்கரமும் பட்டைக்குக் கீழே இருப்பவை. அவற்றின் எடையைச் சுமப்பது டயர். பட்டை சுமக்க வேண்டியதில்லை. ஆகவே 80 கழிந்தது. முன்னால் பொலிரோவின் கொக்கி மேல் ஒரு 70 கிலோ உட்காரும். அதுவும் கழிந்தது. மீதி 500. பக்கத்துக்கு 250 கிலோ. அந்த டிரெய்லருக்கு வேண்டியது 250 கிலோவுக்குப் பட்டை. அவ்வளவுதான் கணக்கு.

லாரிப் பட்டை சுமப்பது டன் கணக்கில். ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த நீளம், 13 மில்லி கனம், 80 மில்லி அகலம், பத்து பட்டை கொண்ட ஒரு செட்டின் மேல் 250 கிலோ வைத்தால், கணக்குப்படி அது ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காது. பள்ளத்தில் விழும்போது பட்டை அமுங்காவிட்டால், அந்த அடி எங்கே போகும்? நேராகச் சட்டத்துக்கு. வெல்டிங் விடும், பலகை கழலும், அலமாரி திறந்து பாத்திரம் உருளும்.

கனத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அகலம் இரண்டு மடங்கானால் விறைப்பும் இரண்டு மடங்கு. பட்டை எண்ணிக்கையும் அப்படியே. ஆனால் கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. 6 மில்லி பட்டைக்குப் பதிலாக 8 மில்லி போட்டால், கண்ணுக்கு இரண்டு மில்லிதான் வித்தியாசம். விறைப்போ இரண்டு மடங்குக்கும் மேல். நீளம் இதற்கு நேர்மாறு. நீளம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். மென்மையான ஓட்டம் வேண்டுமானால் நீளமான, மெல்லிய பட்டை. கட்டையான, தடித்த பட்டை என்றால் குலுங்கல்.

இந்த இடத்தில், கூட வந்த தங்கை மகன் ஒரு கேள்வி கேட்டான். நியாயமான கேள்வி.

"மாமா, ஓடுற டிரெய்லர்ல ஆளே உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கள்ல. ஆச்சி பொலிரோவுலதான வரப்போறாங்க. ஆளே இல்லாத வண்டிக்கு எதுக்கு இவ்வளவு யோசனை?"

உண்மைதான். வில்வண்டி மாதிரி உள்ளே படுத்துக்கொண்டே வரலாம் என்பதுதான் அம்மாவின் ஆசை. அது ஆபத்து என்று சொல்லி ஏற்கெனவே மறுத்தாகிவிட்டது. நின்ற பிறகு படுக்கத்தான் அந்த அறை.

கடைக்காரர் பதில் சொன்னார். "தம்பி, பட்டை ஆளுக்கு மட்டும் இல்ல. சக்கரம் ரோட்டை விடாம இருக்கணும்ல, அதுக்கு. பட்டை அமுங்கலைன்னா சக்கரம் குதிக்கும். குதிக்கிற சக்கரத்துக்கு ரோட்டுல பிடி இருக்காது, வண்டி ஒரு பக்கமா இழுக்கும். பின்னால குதிக்கிற ஒவ்வொரு குதியும் கொக்கி வழியா முன்வண்டிக்கு வரும். ஆச்சி உக்காந்திருக்கறது முன்வண்டியிலதான?"

அதன் பிறகு யாரும் லாரிப் பட்டை பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த யோசனை, பழைய கார், வேன் பட்டை. அம்பாசிடருக்குப் பின்பக்கம் பட்டைதான்; அது 2014-ல் நின்றுவிட்டது. 1984-ல் வந்து 2019 வரை ஓடிய மாருதி வேன், ஆம்னி என்று பிறகு பெயர் மாறியதே, அதற்கும் பின்னால் பட்டை. 2005-ல் வந்த டாடா ஏஸுக்கும் பட்டை. எடை அளவில் இவையெல்லாம் லாரியைவிடப் பொருத்தம். செகண்ட்ஹேண்டில் எடுப்பவர்கள் மூன்று விஷயம் பார்க்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார்.

ஒன்று, வில் வளைவு. இரண்டு பட்டையையும் தரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஒன்று படிந்திருந்தால் வண்டி சாய்ந்துதான் ஓடும். இரண்டு, விரிசல். பட்டையைச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் விட்டுத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினால், விரிசலுக்குள் இருக்கும் எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். நடுவில் சென்டர் போல்ட் ஓட்டையைச் சுற்றியும், மெயின் பட்டையின் இரு முனையிலும் உள்ள கண் பக்கமும்தான் விரிசல் அதிகம் வரும். மூன்று, துரு. பட்டைகளுக்கு நடுவே துரு ஏறினால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காது. ஐந்து பட்டை சேர்ந்து ஒரே கட்டையாகிவிடும்.

நீளத்தைக் குறைக்க கேஸ் கட்டிங் செய்வதும், பட்டையில் வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது. பட்டை இரும்பு சாதாரண இரும்பல்ல. காய்ச்சி, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி அளவாகச் சூடாக்கிப் பதம் ஏற்றியது. திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடிக்கிறவர்கள் லாரிப் பட்டையைத் தேடி வாங்குவது அந்த இரும்பின் தரத்துக்காகத்தான். அவர்கள் காய்ச்சிய பிறகு மறுபடி பதம் ஏற்றுவார்கள். வெல்டிங் ராடு வைத்துவிட்டு அப்படியே விட்டால், சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும். ஒருநாள் அந்த இடத்திலேயே முறியும். அது எந்த வளைவில், எந்த வேகத்தில் என்று யாரும் சொல்ல முடியாது.

அம்மா வருகிற வண்டி என்பதால் அவர் பழசு எடுக்கவில்லை. புதிதாகவே அளவு கொடுத்துச் செய்யச் சொன்னார். கண்ணுக்குக் கண் 90 சென்டிமீட்டர், அகலம் 50 மில்லி, கனம் 6 மில்லி, ஐந்து பட்டை. 250 கிலோவுக்கு ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இறங்க வேண்டும் என்பது கணக்கு.

மாட்டும் விதத்திலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே வைத்தால் வண்டி உயரமாக நிற்கும். ஆக்ஸிலுக்குக் கீழே தொங்கவிட்டால் தாழ்வாக நிற்கும். வித்தியாசம், ஆக்ஸில் கனமும் பட்டை அடுக்கின் கனமும் சேர்ந்த அளவு. இவருக்கு 9 சென்டிமீட்டர். இடுப்பு உடைந்தவருக்கு அது அரைப்படி. அதனால் கீழேதான் மாட்டினார். ஆனால் அப்படி மாட்டினால் ஆக்ஸிலுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைந்துவிடும். பாரம் ஏற்றிய பிறகும் பள்ளத்தில் பட்டை அமுங்க இடம் வேண்டும். அதை அளந்து பார்த்து, நடுவில் ரப்பர் கட்டையும் வைத்தார்.

பட்டையின் முன் கண்ணைச் சட்டத்தோடு பின் போட்டு நிலையாக மாட்டினார். பின் கண் அப்படி இருக்கக் கூடாது. வளைந்த பட்டை அமுங்கும்போது நேராகும், நேராகும்போது நீளும். நீளுவதற்கு இடம் கொடுக்க, பின் கண்ணை 'சாக்கிள்' என்கிற ஊசலாடும் துண்டில் மாட்ட வேண்டும். இரண்டு கண்ணையும் இறுக்கிவிட்டால் எவ்வளவு நல்ல பட்டையும் வேலை செய்யாது.

சோதித்துப் பார்க்கச் சிமென்ட் மூட்டை உதவியது. பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவர்களிடம் ஏழு மூட்டை கடன் வாங்கினார். ஒன்று 50 கிலோ. வெறும் சட்டம் நிற்கும்போது ஆக்ஸிலிலிருந்து சட்டம் வரை அளந்து குறித்துக்கொண்டு, ஏழையும் ஆக்ஸிலுக்கு நேர் மேலே அடுக்கினார். 350 கிலோவுக்கு, இரண்டு பக்கமும் நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இறங்கியிருந்தது. கணக்கும் அதைத்தான் சொன்னது. மூட்டையை இறக்கியதும் பழைய உயரத்துக்கே திரும்பியது. சிமென்ட் மூட்டைகள் அன்று சாயங்காலமே வீடு போய்ச் சேர்ந்தன.

அறை முழுதாக முடிந்து, சாமானெல்லாம் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, ராஜபாளையத்தில் ஓர் எடை மேடையில் நிறுத்தியபோது 660 கிலோ காட்டியது. நோட்டுக் கணக்கைவிட 10 கிலோதான் அதிகம்.

வீட்டுக்கு வந்து கொக்கி பாரத்தைப் பார்த்தார். உடம்பு எடை பார்க்கிற மெஷினைக் கொக்கிக்குக் கீழே, மரக்கட்டை வைத்து, பொலிரோவின் கொக்கி உயரத்துக்குச் சரியாக வைத்தார். 30 கிலோ. இருக்க வேண்டியது மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது. தண்ணீர்த் தொட்டியைப் பின்சுவரோடு வைத்திருந்ததுதான் காரணம்.

அம்மாவிடம் சொன்னதும் சிரித்தார். "பின்பாரம்."

மாட்டு வண்டியில் பின்னால் பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னால் கூடினால் மாடு கழுத்தைத் தூக்க முடியாமல் திணறும். வண்டி ஓட்டுகிறவர், "கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே வருவது அதனால்தான். மாட்டுக்குக் கழுத்து, பொலிரோவுக்குக் கொக்கி. பின்பாரம் கூடிய டிரெய்லர், வேகம் எடுத்ததும் வாலாட்ட ஆரம்பிக்கும். ஆட்டம் கூடினால் இழுக்கிற வண்டியையே சுழற்றிவிடும். தொட்டியை ஆக்ஸிலுக்குக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். மெஷின் 69 காட்டியது.

பதிவு வேலையெல்லாம் முடிந்து நம்பர் எழுதிய பிறகு, ஆடி மாதம் ஒரு விடியற்காலையில் கிளம்பினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைப் பார்த்து அம்மா கும்பிட்டார். ராஜபாளையம் தாண்டி, சிவகிரி, வாசுதேவநல்லூர் வழியாகக் கொல்லம் ரோட்டில் நிதானமாக வண்டி போனது. வேகத்தடைகளில் பின்னால் டிரெய்லர் ஒருமுறை அமுங்கி எழுந்து, அடங்கிவிட்டது. கொக்கியிலிருந்து முன்னால் எதுவும் வரவில்லை.

புதுப் பட்டை, பாரத்தோடு முதல் ஓட்டத்தில் கொஞ்சம் படியும். அப்போது பட்டையை ஆக்ஸிலோடு கட்டிப்பிடித்திருக்கும் யூ போல்ட் தளரும். அதைத் தளர்வாக விட்டால் சென்டர் போல்ட் அறுந்து, ஆக்ஸில் இடம் மாறிவிடும். வழியில் ஒரு தடவை கட்டாயம் முடுக்கச் சொல்லியிருந்தார் கடைக்காரர். புளியங்குடி தாண்டி ஒரு புளியமர நிழலில் ஓரம்கட்டினார்.

ஸ்பேனரோடு கீழே படுத்து எட்டு நட்டையும் முடுக்கினார். ஒவ்வொன்றும் கால் சுற்று வந்தது. எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, முன்வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். அம்மா, சன்னலில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.